ஏழாம் எண்ணுக்குப் பல் விழுந்தது

மானுடவியல் துறை ஆய்வகத்தில் ஏழாம் எண் வார்ப்பின் முதல் பால்பல் ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு விழுந்தது. கீழ்த்தாடை, முன்வரிசை, இடப்பக்கம். வார்ப்பு என்றால் வெறும் பிளாஸ்டர்; எலும்புகூடக் கிடையாது. மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குகையில், மூன்று வயதில் இறந்துபோன குழந்தை அது. நம்மைப் போன்றதுதான், ஆனால் முழுக்க நம்மைப் போன்றது என்றும் சொல்ல முடியாத ஓர் இனம். அதன் மண்டையோட்டை அச்செடுத்து எங்கோ ஓர் அருங்காட்சியகம் செய்த நகல்களில் ஒன்று இங்கே வந்திருந்தது. அலமாரி துடைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் அம்மாள் சத்தம் கேட்டுக் குனிந்தார், பல்லை எடுத்து ஊதினார். ஆய்வகத்தில் எது கீழே விழுந்தாலும் பதிய வேண்டும் என்ற விதிப்படி இருப்புப் பதிவேட்டில் ‘பல், ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதிவிட்டு அடுத்த தட்டைத் துடைக்கப் போனார்.

வார்ப்பு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. வந்த வாரமே துறைத் தலைவர் அதை அளந்தார்: நெற்றியிலிருந்து பிடரிவரை 131.4 மில்லிமீட்டர். அந்த அளவை வைத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் புத்தகம் எழுதினார். அந்த இனத்துக்குக் குழந்தைப் பருவம் என்ற ஒன்றே கிடையாது, நான்கு வயதில் கடைவாய்ப்பல் முளைத்து எட்டு வயதில் ஆளாகிவிடுவார்கள், நீண்ட குழந்தைப் பருவம் நம்முடைய தனிச்சொத்து என்பது அதன் சாரம். புத்தகம் வந்தபிறகு அவருடைய நடை மாறியது. மாடிப்படி இறங்கும்போதுகூட யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்ற பாவனையில் இறங்கினார். வார்ப்பை அவர் மறுபடி அளக்கவில்லை. மண்டையோட்டை ஒரு தடவை அளந்தால் போதும் என்பது படித்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மாணவர்களும் அளக்கவில்லை. ஏழாம் எண்ணைக் காலிப்பரால் மூன்று முறை அளந்து சராசரி எழுத வேண்டும் என்பது பாடத்திட்டம். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து 131.4, 131.4, 131.5 என்று எழுதுவது நடைமுறை. மூன்றாவதில் மட்டும் ஒரு புள்ளி கூட்டிப் போட்டால் உண்மையாக அளந்தது போலிருக்கும் என்று யாரோ ஒரு மேதை முதல் வருடமே கண்டுபிடித்திருந்தான். இப்படியாகத் துறை, பிழையே இல்லாத அளவீட்டுக்கான பாராட்டுப் பத்திரம் பெற்றது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மாட்டியபோது ஆணிக்கு இடம் அளக்காததால் சற்றுச் சாய்ந்தே தொங்கியது.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவள் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு தையல்காரியின் மகள். வகுப்பில் அவளுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். நாலு வயதிலிருந்து அம்மா அளவு சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை. எடுக்காத அளவை எழுத அது மறுத்தது.

“அளக்காம எழுதினா கை கூசுது அக்கா,” என்றாள் சீனியரிடம்.

“உனக்குக் கை கூசுது, எனக்குப் பசிக்குது. எழுதிட்டு வாடி, கேன்டீன் மூடிருவான்.”

முதல் தேர்வில் அவளுக்கு வந்த அளவு 134.9. துறைத் தலைவர் சிவப்பு மையால் அடித்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினாள்: 135.8. இந்த முறை அவர் அடித்ததில் தாள் கிழிந்தது. மூன்றாவது முறையும் தவறினால் பட்டப்படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். மாமா, “குரங்கு மனுஷனான கதையைப் படிச்சு நீ என்னடி ஆகப்போற?” என்று கேட்டபோதெல்லாம் “மனுஷியாத்தான் மாமா” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது அவர் குரல் கேட்டாலே உள்ளறைக்குப் போனாள். மனிதக் கை எப்படிக் கையானது, இடுப்பெலும்பு எப்படி அகன்றது என்று தெரிந்துகொள்வதைத் தவிர வேறு எதிலும் அவளுக்கு மனம் ஓடியதில்லை. அந்தப் படிப்பு போனால் எஞ்சுவது இரண்டாவது தையல் மிஷின்தான்.

அம்மா காலர் வைத்துக்கொண்டே விசாரித்தாள். “அவர் சொல்ற அளவு எப்ப எடுத்தது?”

“அது வந்த புதுசுல. ரெண்டரை வருஷம் ஆச்சு.”

“ரெண்டரை வருஷத்துக்கு முந்தின அளவுல எந்தப் பிள்ளைக்குடி சட்டை ஏறும்?”

“அம்மா, அது பிளாஸ்டர்.”

“பிளாஸ்டரா இருந்தா என்ன, பிள்ளைதானே,” என்று சொல்லிவிட்டு அம்மா நூலைக் கடித்தாள்.

பல் விழுந்தது இதற்குப் பிறகுதான். துறை உடனே ஐவர் குழு அமைத்தது. குழு ஏழு முறை கூடி, நாற்பது பக்க அறிக்கையில், மழைக்காலத்தில் பிளாஸ்டர் ஈரம் குடித்து உப்பும், பல்லும் ஈரத்தால்தான் விழுந்தது என்று முடிவுகட்டியது. ஏழாம் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. அது அதிகார வரம்பில் இல்லை.

மூன்றாவது தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். முப்பத்தொரு பேர் 131.4 எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். மில்லிமீட்டர் மட்டும் காலிப்பரை வைத்துக்கொண்டு 136.6 என்று எழுதினாள்.

“ஒரே ஒரு நம்பர்மா, மாத்தி எழுதிட்டு பாஸ் பண்ணிட்டுப் போயேன். நான் நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும்,” என்றார் தேர்வாளர்.

“உலகமே ஒத்துக்கிட்ட அளவு சார். இவ ஒருத்திக்குத்தான் ஒத்துவரல,” என்றார் துறைத் தலைவர்.

“நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க சார். 131.4 வந்துச்சுன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போயிடறேன்.”

வெளியாள் முன்னால் துறைத் தலைவரால் மறுக்க முடியவில்லை. அவர் காலிப்பரைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்து, இடது கையில் வார்ப்பை ஏந்தினார். ஏந்தியதும் அதன் கனம் அவருடைய உள்ளங்கையில் சாய்ந்தது, தூங்கும் பிள்ளையின் தலை சாய்வது போல. பல் விழுந்த குழியில் கட்டைவிரல் பட்டது. அங்கே புதுப்பல்லின் விளிம்பு, இன்னும் எதையும் கடித்துத் தேயாத மூன்று சிறு மேடுகளோடு, வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் அளவு 136.6. இரண்டாவதும் 136.6. மூன்றாவது முறை காலிப்பரின் நுனிகள் பிடரியைத் தொட்டிருக்கும்போதே, சர்க்கரைக் கட்டி தண்ணீரில் நெகிழ்கிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. முள் தானாக நகர்ந்து 136.7இல் நின்றது. முப்பத்தொரு பேரும் அதைக் கேட்டார்கள்.

அவர் வார்ப்பைக் கீழே வைக்கவில்லை. “ஆறு வயசுக்குத்தான் முதல் பல்லே விழுது,” என்றார், யாரிடமோ. “அப்ப இவங்களும் நம்மள மாதிரி மெதுவாத்தான் வளர்ந்திருக்காங்க. அத்தனை வருஷமும் யாரோ தூக்கிட்டே திரிஞ்சிருக்கணும். ஊட்டியிருக்கணும். அந்தக் குளிர்ல, அந்தக் காட்டுல… யாரோ பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும்.”

“ஆமா சார்,” என்றார் தேர்வாளர். நாலரை பஸ் போய்விட்டது. ஐந்தரை பஸ்ஸும் போய்விட்டது. அவரும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மில்லிமீட்டர் தேர்ச்சி பெற்றாள். தலைப்புக்குக் கீழே கோடு போடாததற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். முப்பத்தொரு பேரையும் தோற்கடித்தால் துறையையே மூட வேண்டியிருக்கும் என்பதால், நேரத்துக்கு வந்ததற்காக அவர்களுக்கும் மதிப்பெண் போட்டார்கள். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் துறைத் தலைவர் ஒரு பிழைதிருத்தச் சீட்டு வைத்தார். அதில் ஒரே வரி: ‘பக்கம் 1 முதல் 612 வரை.’ வாங்கியவர்கள் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டினார்கள், அவரும் தடுக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வருட மாணவர்களும் அளந்தே எழுத வேண்டியதாயிற்று. பழைய நோட்டுகள் எடைக்குப் போயின. ஏழாம் எண்ணுக்கு நான்கு மேல்பற்கள் விழுந்தன, பெரிய பற்கள் முளைத்தன, அதை வைக்கும் பெட்டி இரண்டு முறை பெரிதாக மாற்றப்பட்டது.

அதற்கு ஒன்பது வயதானபோது, நீண்ட விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டும் நாளில், தனக்கு முழங்கால் வலி, இந்த வருடம் தினமும் வர முடியாது என்று உதவியாளர் அம்மாள் சொன்னார். விடுமுறை நாட்களில் யாரிடமும் சொல்லாமல் அவர் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை. எந்தக் கிழமை யார் வந்து உட்காருவது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதற்குள் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மில்லிமீட்டர் வந்து சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். ஞாயிறுக்கு எதிரே காலியாக இருந்தது. துறைத் தலைவர் அவளிடம் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார். முடியும் தேதி என்ற கட்டத்தில், அதற்குப் பதினெட்டு வயது நிறையும் காலத்தை விரல்விட்டு எண்ணி, ஒன்பது வருடம் தள்ளி ஒரு தேதியைப் போட்டார். அவர் ஓய்வுபெறுவது அதற்கு ஐந்து வருடம் முன்பு என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.