நண்டு வெந்த ஆவி

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த சந்தியா, கனடாவுக்கு நண்டு ஆலை வேலைக்குப் போனாள். பிரெஞ்சு பேசும் அக்கேடியர்களின் கடலோர ஊர் அது. பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து மீன்பிடித்தவர்கள் என்பதில் அவர்களுக்கு அத்தனை பெருமை. பழைய படகுகளுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருந்தார்கள். ஆலைக்குள் நண்டை வேகவைத்து உடைத்தவர்கள் மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள்.

இரண்டாவது சீசனில் அவளுக்கு மூச்சு இரைத்தது. நண்டு வேகும் ஆவி ஒத்துக்கொள்ளவில்லை, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். மறு வாரமே மேலாளர் ஊர் திரும்ப விமான டிக்கெட்டை நீட்டினார்.

ஊரில் கரும்புச் சோகை எரியும் புகை பட்டாலே நெஞ்சு அடைத்தது. கணவன் வெங்கடேசன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒருநாள் தங்கை சுபஸ்ரீ ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள்.

"அக்கா, எனக்கும் கனடாவுல வேல கெடச்சிருச்சி. அதே கம்பெனிதான்."

"வேணாம்டி. நான் மூச்சு வுட முடியாம கெடக்கறத பாத்துக்கினுதான இருக்க?"

"உனக்கு ஒத்துக்கல, வந்துட்ட. எனக்கும் ஒத்துக்கக் கூடாதுன்னு நெனைக்கறியா?"

"இன்னாடி பேசற? எனக்கு பொறாமையா?"

"வேற இன்னாவாம்?"

உள்ளேயிருந்து வெங்கடேசன் சொன்னான்: "ஒருத்தியாவது உருப்படட்டும், வுடு."

சந்தியா விடவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி, ஆள் அனுப்பும் ஏஜெண்ட் பகலவனிடம் போய்க் கெஞ்சினாள். "அவள அனுப்பாதீங்க சார். வேற வேலயாச்சும் குடுங்க."

"வெளிய போய் இத சொல்லிக்கினு இருக்காதம்மா. அப்பறம் இந்த ஊர்லேந்து ஒருத்தரயும் எடுக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலமே அவர் சுபஸ்ரீக்குப் போன் செய்து சந்தியா வந்து கெஞ்சியதைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசவில்லை. கிளம்பும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் அம்மாவுக்கு வீடியோ கால் வந்தது. சந்தியாவும் பக்கத்தில் இருந்தாள். அங்கே ஊரே பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. அக்கேடியர் திருநாளாம். சுபஸ்ரீயின் கன்னத்திலும் கொடி வரைந்திருந்தது. கோபமெல்லாம் மறந்தவள்போலச் சிரித்தாள்.

சந்தியாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. போனை வாங்கிக்கொண்டாள். "என்னப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

சுபஸ்ரீ கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லக்கா. உன் போட்டோ கூட காட்டனேன். யாருக்கும் அடையாளம் தெரில."

சந்தியா போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.