குளவியை விழுங்கிய துரை

நாய்க்குத் துரை என்று பெயர் வைத்ததும் தையல்காரிதான், செல்லம் கொடுத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதும் அவள்தான். தைத்து முடித்த துணிமேல்தான் துரை படுப்பார். விரட்டினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்.

போன மாதம் ஒரு குளவி அவர் உதட்டில் கொட்டியது. முகம் ஒரு பக்கமாக உப்பி, சாயங்காலத்துக்குள் வடிந்தும் போனது. அன்று வீடே வயிறு வலிக்கச் சிரித்தது.

அதனால்தான் இன்று காலை, ஜன்னலோரம் சுற்றிய குளவியைத் துரை லபக்கென்று பிடித்து விழுங்கியபோது அவள் மிஷினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் தாடை வீங்கியது. எச்சில் ஒழுகியது.

"அண்ணி, இங்க பாருங்களேன்! பல்வலி வந்த வாத்தியார் மாதிரி இருக்காரு!" துணி வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"துரை, மூஞ்சியக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க!" என்று தையல்காரியும் சேர்ந்துகொண்டாள். துரை வாலை ஆட்டினார். அதைப் பார்த்து இருவருக்கும் இன்னும் சிரிப்பு வந்தது.

"விடு, சாயங்காலம் வடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, பாழாய்ப்போன காலர் ஒன்றைத் தைத்து முடித்தாள். நிமிர்ந்தபோது துரை கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நாக்கு நீலம் பாரித்திருந்தது.

வாரி எடுத்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே துரை துவண்டு, மடியில் கனம் கூடியது. டாக்டர் ஊசி போட்டார், தொண்டையில் குழாய் விட்டார், நெஞ்சை அமுக்கினார். கடைசியில் கையுறையைக் கழற்றினார்.

"உதட்டுல கொட்டினா பொறுத்துப் பாக்கலாம்மா. இது உள்ள, தொண்டையில கொட்டிருக்கு. வீங்கி மூச்ச அடைச்சிருச்சு. எச்சில் ஒழுக ஆரம்பிச்சதுமே தூக்கிட்டு வந்திருக்கணும்."

"வால ஆட்டிக்கிட்டுதானே டாக்டர் இருந்தாரு! வலிச்சா வால ஆட்டுவாங்களா?" என்றாள் தையல்காரி.

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சிரிச்சிட்டிருந்தோம்."

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னுதாம்மா ஆட்டிருக்கும்" என்றார் டாக்டர்.

நாத்தனார் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். தையல்காரி அந்த வீங்கிய தாடையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.