பாடி மட்டும்

என் முகம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. உறையூரில் எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிலருக்கு மூட்டுவலி, எனக்கு இது.

கல்யாண ஆல்பத்தில் வளர்மதிக்குப் பக்கத்தில் ஒரு பட்டுச்சட்டை நிற்கிறது. மாலை போட்டிருக்கிறது. காலருக்கு மேலே மண்டபத்து ஃபேன் தெரிகிறது. ரேஷன் கார்டில் என் பெயருக்கு மேலே ஒரு வெள்ளைச் சுவர். கடைக்காரர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். "சுண்ணாம்பு அடிச்சு நாளாச்சு போல," என்பார். அரிசியைப் போட்டுவிடுவார்.

வளர்மதி என் மனைவி. அவளும் இதைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். போன வாரம் அவளுடைய அப்பா படத்தை ஹாலில் மாட்ட ஆணி அடித்தாள். அடித்த கையோடு பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்தாள்.

"இது யாருக்கு?" என்றேன்.

"உங்களுக்கு."

"நான்தான் இருக்கேனே."

"இருங்க, யாரு வேணாம்னா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த முகத்தைப் பார்த்துப் பேசுவேன்? ஃபேனைப் பார்த்தா?"

எனக்குச் சுருக்கென்றது. வளர்மதி என்னிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. கேஸ் தீர்ந்துபோச்சு, மோட்டாரை நிறுத்துங்க, அவ்வளவுதான். நான் போன பிறகு பேசுவதற்கு அவள் ஏதோ சேர்த்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முதலில் அந்த ஆணியில் ஒரு முகம் தொங்க வேண்டும்.

"மொபைல்ல விழாத முகம் பெரிய கேமராவுலதான் விழும். டிஎஸ்எல்ஆர் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

விசாரித்தேன். ஆபீசில் ஒருவர் மெகாபிக்சலைப் பார் என்றார். இன்னொருவர் அதை மட்டும் பார்க்காதே என்றார். மூன்றாமவர் மொபைலே போதுமே என்றார். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

கேமராக் கடை தில்லைநகரில் இருந்தது. நான் நடக்க நடக்க அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யோவ்!" என்று கத்தினேன். வாசலில் நின்ற சேல்ஸ்மேன் காற்றில் ஏதோ ஒரு வளையத்தைத் திருகினார். கடை விருட்டென்று வந்து என் மூக்கில் இடித்து நின்றது.

"சாரி சார், ஜூம் வெளிய போயிருச்சு. உள்ள வாங்க," என்றார். அவர் சட்டையில் ஜெபராஜ் என்று இருந்தது.

உள்ளே கண்ணாடி அலமாரியில் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. நான் உட்கார்ந்ததும் ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அது வித்துப்போச்சா?"

"இல்ல சார். அதுக்கு உங்களைப் பிடிக்கல."

"எனக்குத்தானே பிடிக்கணும்?"

"சார், படத்தைப் பிடிக்கறது நீங்களா, அதுவா?"

ஜெபராஜ் ஒரு கேமராவை எடுத்து மேஜையில் வைத்தார். இது கிராப், ஓரத்தை வெட்டிவிடும் என்றார். என்னிடம் வெட்ட ஒன்றுமில்லை என்றேன். இன்னொன்றை வைத்தார். இது ஃபுல் ஃப்ரேம் என்றார். ஃப்ரேம் வீட்டில் இருக்கிறது, கண்ணாடிகூடப் போட்டாயிற்று என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

முதல் கேமராவை என் பக்கம் திருப்பி அழுத்தினார். பின்னால் இருந்த காலண்டர் விழுந்தது. இரண்டாவதில் தெருவில் போன ஆட்டோ விழுந்தது. ஓட்டுநர் சிரித்தபடி விழுந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. வழியோடு போகிறவனுக்கு விழுகிறது.

மூன்றாவது சின்னது, கறுப்பு, கொஞ்சம் கூச்ச சுபாவம். மூலையில் இருந்தது. ஜெபராஜ் அதை இரண்டு கைகளாலும் தூக்கிவந்தார். முன்னால் லென்ஸ் இல்லை. வெறும் ஓட்டை. அழுத்தினார்.

திரையில் ஒரு காது தெரிந்தது. என் இடது காது.

நான் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவ்வளவு அழகான காது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது.

"காதைப் பிடிச்சிருச்சு. மத்தது பழகப் பழகப் பிடிக்கும். லென்ஸோட எடுக்கறீங்களா, பாடி மட்டும் எடுக்கறீங்களா?" என்றார் ஜெபராஜ்.

"லென்ஸ் இல்லாமலே காது விழுந்துச்சே?"

"காதுக்கு எதுக்கு சார் லென்ஸ்? கண்ணுக்குத்தான் வேணும். வீட்ல யாராவது கண்ணாடி போடறாங்களா?"

"என் மனைவி."

"அப்ப அதுவே போதும். பாடி மட்டும் எடுத்துருங்க. ஸ்டாண்ட்?"

"வேண்டாம். மாடி வீட்ல அமிர்தலிங்கம் இருக்காரு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜெபராஜுக்கு அது போதுமானதாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வளர்மதி போன் செய்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்தாச்சா?"

"பாடியை எடுத்தாச்சு. கொண்டுட்டு வந்துட்டிருக்கேன்."

மிக்ஸி நின்றது.

"பாடியா? யாரோட பாடி?"

"இதென்ன கேள்வி? என்னோடதுதான்."

அவள் "ஐயோ" என்றாள். அது இணைப்பு கிடைக்காத எரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். போன் நின்றுபோனது.

நான் தெருவுக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொறுமையாகச் சங்கு ஊதினார். ஊதிவிட்டு என்னைப் பார்த்து, "கேக்குதுங்களா?" என்றார். நன்றாகத்தான் ஊதினார். கேட்கிறது என்றேன்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"எத்தனை மணிக்கு எடுக்கறாங்க தம்பி?"

"எடுத்தாச்சுங்க," என்றேன். பையைக் காட்டினேன்.

"அடடா! முகத்தைப் பார்க்கலியேப்பா!"

"அதுக்குத்தாங்க இதை எடுத்ததே. வாங்க, உள்ள வாங்க."

எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். சாவு வீட்டில் வாங்க என்று யாரையும் கூப்பிடக் கூடாது. எனக்கு அது தெரியும். ஆனால் என் வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் எப்படி இருப்பது? அசடு வழிந்துகொண்டு உள்ளே போனேன்.

வளர்மதியின் அண்ணன் சேதுராமன் ஹாலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் சாய்த்து வைத்திருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து. கீழே உறவினர்கள் பெயர்கள். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளை இடம். அவர் என்னைப் பார்த்ததும் போனை வைத்தார்.

"வந்துட்டீங்களா மாப்ள? உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். பேனர்காரன் போட்டோ கேட்டு உயிரை வாங்கறான். வீட்ல ஒரு படம்கூட உருப்படியா இல்ல. படம் இல்லாம எப்படி எடுக்கறது?"

"மச்சான், நான் இருக்கேன்."

"அது தெரியுது. நீங்க இருக்கீங்க, பாடி இருக்கு, ஆள் இருக்கு, எல்லாம் இருக்கு. படம்தான் இல்ல. ஊரே வந்திருக்கு மாப்ள, மானம் போகுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சந்தன மாலை வேறு வந்து காத்திருந்தது. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

வளர்மதி சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எங்க போனீங்க? எத்தனை பேரு வந்திருக்காங்க, இருந்து கவனிக்க வீட்ல ஒரு ஆம்பளை இல்ல."

"கேமரா எடுக்கத்தானே போனேன். நீதானே சொன்னே?"

"அதுக்காக இன்னிக்கேவா?"

நான் பையைத் திறந்து கேமராவை அவள் கையில் கொடுத்தேன். அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதில் மாட்டினாள். அது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

"இதை எதுல வைக்கறது?" என்றாள்.

மாடி வீட்டு அமிர்தலிங்கம் முன்னால் வந்தார். அவருக்கு மூன்று கால்கள் இருந்தன. வேட்டி கட்டியிருந்ததால் இதுவரை நான் கவனித்ததில்லை. மூன்றையும் அகட்டி நின்று, கேமராவை வைக்கத் தலையைக் குனிந்தார். "கொஞ்சம் வலதுபக்கம் தாழ்வா இருக்குமா? தரை சமம் இல்ல," என்றார். ரொம்ப நல்ல மனிதர்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சேதுராமன் எனக்குத் தலை சீவினார். கூட்டம் ஜன்னல் வரை நெருக்கியடித்தது. வளர்மதி கேமராவுக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடி இல்லாததால் அவள் கண்கள் சின்னதாக இருந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

"எங்க?"

"இங்கதான் வளர், நாற்காலியில."

"கொஞ்சம் சிரிங்க."

"சாவு வீட்ல எப்படிச் சிரிக்கறது?" என்றார் பெரியவர். கூட்டத்தில் விவாதம் மூண்டது. ஒரு கட்சி சிரிக்கவே கூடாது என்றது. இன்னொரு கட்சி, செத்தவர் சிரிக்கலாம், மற்றவர்கள்தான் கூடாது என்றது. கடைசியில் லேசாகச் சிரிக்கலாம் என்று முடிவானது. பல் தெரியக் கூடாது.

எனக்குப் பயமாக இருந்தது. இதிலும் விழாவிட்டால் அந்த ஆணி அப்படியே நிற்கும். அவள் சேர்த்து வைத்தது அவளோடு போய்விடும். இடது காதை மட்டும் நம்பிக்கையோடு முன்னால் நீட்டினேன்.

வளர்மதி சுவரை விட்டுவிட்டுக் குனிந்து தன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அட, இங்கயா இருந்தீங்க," என்றாள். அழுத்தினாள்.

டக்கென்றது. அமிர்தலிங்கம் மூச்சு விட்டார்.

திரையில் நான் இருந்தேன். முழுதாக. நெற்றி, மூக்கு, இரண்டு கண், மீசையில் ஒட்டியிருந்த பஸ் தூசி எல்லாம். எனக்கு இப்படியொரு முகம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கூட்டம் முண்டியடித்தது.

"நல்லா விழுந்திருக்கு."

"பேசற மாதிரியே இருக்கு."

"உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு," என்றார் பெரியவர். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு நல்ல மனிதனாகத் தெரிந்தேன்.

பேனரில் முட்டை நிறைந்தது. ஃப்ரேமில் ஒன்று போட்டு ஆணியில் மாட்டினார்கள். மாலை கொட்டாவியை நிறுத்திவிட்டுப் போய்த் தொங்கியது. அதற்கு மேல் யாருக்கும் வேலை இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வழக்கப்படி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சேதுராமன் என்னிடம் மட்டும் "வர்றேன்" என்று சொல்ல வாயெடுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அமிர்தலிங்கம் கால்களை மடக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

மாலை வெயில் ஹாலில் விழுந்தது. வளர்மதி கேமராவிலிருந்து கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு வடை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

"எனக்கு?"

"அவருக்கு ஆகட்டும்."

படத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். கேஸ் தீர்ந்துபோச்சு என்றாள். மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அதை நாளைக்குப் பார்க்கறேன்," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. நான் அவருகிட்ட பேசிட்டிருக்கேன்."

அவள் கொஞ்சநேரம் தரையில் விரலால் கோடு போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களை எனக்குப் பிடிக்கும்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. எப்படிச் சொல்றது? எப்பப் பார்த்தாலும் நீங்க எதிர்லயே இருந்தீங்க. ஆல்பத்தைத் திறந்து அந்தச் சட்டையை எத்தனை தடவை பார்த்திருக்கேன் தெரியுமா? அந்த முகத்தை நானே மனசுல வரைஞ்சுக்குவேன். இவ்வளவு நல்லா வரல. ரொம்பப் பிடிக்கும் உங்களை."

என் இடது காது சுட்டது. மூச்சு விட்டால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று மூச்சை அடக்கினேன். 'அப்புறம்?' என்று கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன்.

"அப்புறம்?" என்றார் படத்தில் இருந்தவர்.

வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். நான் என் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் கேட்க வேண்டும்.