கரண்டி இல்லாமல் போகக்கூடாது

புதிதாக டீச்சர் வேலைக்குப் போகிறவளைப் பார்த்துவிட்டால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. "கொஞ்ச நாளைக்குச் சிரிச்சுடாதே, தலைமேல ஏறிடுவாங்க" என்றார் அப்பா. "சிரிச்சுக்கிட்டே இரு, இல்லேன்னா பிள்ளைங்க பயந்துடும்" என்றாள் அக்கா. பள்ளிக்கூடப் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் வீட்டுக்காரர்கூட, "எதுன்னாலும் கண்ணைப் பார்த்துப் பேசு, பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்" என்றார். என் கண்ணைப் பார்த்து நீங்கள் பேசி எத்தனை வருஷமாகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. முதல் நாளாச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

உருப்படியாகச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியை மட்டும்தான். "ஒருத்தனை பாத்ரூமுக்கு விட்டீங்கன்னா கிளாஸே காலி, பார்த்துக்கோங்க."

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு. ஒன்றை அனுப்பினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு ஓடும். கழித்தல் கணக்கை நான் சொல்லித்தரவே வேண்டாம், கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு நாள் காலையில் வீட்டுச் சமையலறையிலிருந்து நீளக் கரண்டி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வகுப்புக் கதவோரம் ஆணி அடித்து மாட்டினேன்.

"இதைக் கையில எடுத்துக்கிட்டு ஒருத்தர் போகலாம். திரும்பி வந்து மாட்டணும். ஆணியில கரண்டி இல்லையா, யாரா இருந்தாலும் சரி, கம்முனு உட்காரணும்."

அன்றே வகுப்பு அடங்கிவிட்டது. முன்பெஞ்சில் இரண்டு பல் விழுந்த வாண்டு ஒன்று, யாரும் சொல்லாமலே கரண்டிக்குக் காவல் நிற்க ஆரம்பித்தது.

வீட்டில்தான் அடங்கவில்லை. என் மாமியாருக்கு அந்தக் கரண்டி என்றால் உயிர். "கையும் காலும் முளைச்சா போயிருக்கும்?" என்று தினமும் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினார். "அதானே அத்தை!" என்று நானும் கூடவே குனிந்து தேடினேன். வேறு என்ன செய்ய?

அப்புறம் ஒரு நாள் கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். ஒரு பீரியட் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் நாத்தனார் வீட்டுக்காரரின் செருப்புக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே எனக்கு ஏற்கெனவே ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். "அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுங்க" என்று தலைமையாசிரியை கெஞ்சாத குறை.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு டீ குடித்துவிட்டு வந்த மனிதர், கடைசி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். பாடம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பாட்டுக்காரி என்று கூப்பிடும் பெண் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போனால் உள்ளே ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் வருவாள்.

சற்று நேரத்தில் அதிகாரி எழுந்தார். அவசரமாகக் கதவுப் பக்கம் நடந்தார். வாண்டு பாய்ந்து போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"சார், கரண்டி இல்ல."

"எந்தக் கரண்டி?"

"பாத்ரூம் கரண்டி. அது வந்தாத்தான் போகலாம். டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பே என்னைப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை 'விடு, விடு' என்று கையை ஆட்டினார். விட்டால் நாளையிலிருந்து என் பேச்சை ஒரு குஞ்சும் மதிக்காது. விடாவிட்டால் செருப்புக் கடை.

"உட்காருங்க சார். இப்ப வந்துடுவா" என்றேன்.

என் குரல்தானா அது! ஜன்னலில் தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரி திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் பாட்டுக்காரி இரண்டாவது சரணத்தில் இருந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கிறது. அவர் முழங்கையைத் தட்டினாள். "சார், வேற எதையாவது நினைச்சுக்கோங்க. தண்ணிய மட்டும் நினைச்சுடாதீங்க."

ஒருவழியாகக் கரண்டி வந்தது. வாண்டு அதை வாங்கி அவரிடம் நீட்டியது. அவர் நடந்தார் என்று சொன்னால் பொய். வராந்தா முழுக்கப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க, கரண்டியும் கையுமாக அவர் பறந்தார்.

திரும்பி வந்து தானே ஆணியில் மாட்டிவிட்டு, மணி அடிக்கும்வரை பாடத்தைக் கவனித்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"என்னை ஏம்மா விடல?"

"யாரா இருந்தாலும்னு சொல்லிட்டேன் சார்."

"சரிதான். வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்" என்றவர், வாசலில் நின்று திரும்பினார். "ஆனா ஒரு கிளாஸுக்கு ஒரு கரண்டி பத்தாது. இன்னொண்ணு வாங்கி மாட்டுங்க."

எத்தனையோ பேர் அறிவுரை சொன்னார்கள். அனுபவித்துச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"வேலை நிரந்தரமாயிடுச்சுங்க! வரும்போது நீளக் கரண்டி ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு என் கிளாஸ் பாத்ரூமுக்கு. ஒண்ணு அத்தைக்கு. பழசை இனிமே அடுப்புல வைக்க முடியாது."

போனிலேயே அலறினார்.

"அடிப்பாவி! அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"கண்ணைப் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.