தில்லையம்பலத்தின் அழகியல்

பலெர்மோவில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குள் தத்துவம் படிக்கும் பிள்ளையைப் பெற்றவர் தான் ஒருவர்தான் என்று தில்லையம்பலம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "மகள் எஸ்தேத்திகா படிக்கிறா. தமிழிலை அழகியல் எண்டு சொல்லுறது. வலு ஆழமான பாடம்." கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலாவதாகப் போட்டிருந்த பொருள் அதுதான். இரண்டாவது பொருளை மனுசன் வாசிக்கவில்லை. வாசித்தும் வாசிக்காதவர் மாதிரி இருந்தார் என்பது அவருடைய மனைவி அற்புதமலரின் கட்சி.

இரண்டாவது பொருள் வேறொன்றுமில்லை. முகத்துக்குப் பூசுவது, மெழுகு வைத்து மயிர் பிடுங்குவது, நகம் வெட்டுவது, குதிகால் தேய்ப்பது. பொலிதேயாமாப் பக்கம் ஒரு தொழிற்பள்ளியில் மூன்று வருடமாகச் சாம்பவி படித்தது இதைத்தான். இத்தாலியில் கண்டவர் நின்றவரெல்லாம் இன்னொருத்தியின் முகத்தில் கை வைத்துவிட முடியாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. சோதனை பாசானால்தான் பத்திரம், பத்திரம் இருந்தால்தான் சொந்தக் கடை. தோலுக்கு எத்தனை அடுக்கு, பாதத்தில் எத்தனை எலும்பு என்றெல்லாம் நிற்க வைத்துக் கேட்பார்கள். அற்புதமலர் பதினொரு வருடமாக இத்தாலியச் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் தரை துடைக்கிறாள். மகளாவது தன் கடைக் கதவைத் தானே திறந்து தானே பூட்ட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதம், ஒரு புதன்கிழமை காலை, அற்புதமலர் கணவருடைய கோட்டை ஸ்திரி போட எடுத்தாள். உள்பையில் ஒரு கடிதம். பள்ளிக்கூடத்து முத்திரை. அவளுக்கு இத்தாலியன் வாசிப்பு மட்டுமட்டுதான் என்றாலும் திகதியும் நேரமும் விளங்கும். சாம்பவியின் சோதனை அன்றைக்கே, பத்தரை மணிக்கு.

கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வகுப்பு முடிந்ததும், திகதியைத் தபாலில் அறிவிப்போம் என்று பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். பெட்டை தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்து முகம் செத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். இவரும் பக்கத்தில் நின்று, "இத்தாலிக்காரன்ரை அலுவல் உப்பிடித்தான் பிள்ளை, ஆறுதலாய்த்தான் வரும்" என்று தேற்றினாரே! கோதாரி பிடிச்ச மனுசன்!

தில்லையம்பலம் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

"இதென்ன?"

"ஓ, அதோ... குடுக்க மறந்துபோனன்."

"பத்து நாளாய்ப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு மறந்தனீங்களோ?"

"எடியே, மெல்லக் கதை. இண்டைக்கு இராஜநாயகம் வாறார். இவளுக்குப் பேசுற ரொறன்ரோப் பெடியன்ரை தாய்மாமன், அவர் ஓம் எண்டால் எல்லாம் ஓம். பெட்டை அழகியல் படிக்கிறா எண்டுதான் நாப்போலியிலையிருந்து கப்பலேறி வாறார். இவள் உந்தச் சோதினையை எடுத்து, பத்திரத்தையும் வாங்கி, ஒரு கடையையும் போட்டால் என்ரை கதி என்ன? ஊத்தை நகம் வெட்டுறதும் மயிர் பிடுங்குறதும் எங்கடை ஆக்களின்ரை வேலையோ? அது ஆருடைய வேலை எண்டு உனக்கு நான் சொல்லித்தரவேணுமோ?"

அற்புதமலருக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. வந்துவிட்டார் பெரிய சாதிமான்! வியா மக்வேதாத் தெருவில் ஒரு வக்கீல் வீட்டில் வாரத்தில் ஆறு நாளும் இவர் பார்ப்பது என்ன உத்தியோகமாம்?

"ஓம், சொல்லித்தாங்கோ. உங்கடை வக்கீல் ஐயா வீட்டுக் கக்கூசு கழுவுறது எங்கடை ஊரிலை ஆருடைய வேலை எண்டும் சேர்த்துச் சொல்லித்தாங்கோ. எட்டு வருசமாய்க் கழுவுறியள். உங்கடை சாதி எங்கை கழண்டு விழுந்தது? பெட்டை ஒரு கத்திரிக்கோலைத் தொட்டவுடனை மட்டும் விழுந்திடுமோ?"

மை மீசையை விட்டுக் கன்னத்துக்குப் போய்விட்டது. தில்லையம்பலம் அதைத் துடைக்க லேஞ்சியைத் தேடினார்.

சத்தம் கேட்டு வந்த சாம்பவி கடிதத்தைப் பறித்து வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அம்மா, சோதினைக்கு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகவேணும். அந்த ஆளிலைதான் செய்து காட்டவேணும். இப்ப ஆரைப் பிடிக்கிறது?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையோ? வெள்ளைக் கோட்டை எடு, வெளிக்கிடு."

சோதனை அறையில் கேள்வி கேட்கிறவர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சீட்டு எடுத்தபோது சாம்பவிக்கு விழுந்தது பாதப் பராமரிப்பு. அற்புதமலர் செருப்பைக் கழற்றியதும் பக்கத்தில் இருந்த பெட்டைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பதினொரு வருடம் ஈரத்தில் நின்ற கால். குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மற்றப் பெட்டைகள் கூட்டிவந்த ஆட்களோ, ஏற்கெனவே நகம் வெட்டிச் சாயமும் பூசி, வேலைக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காத கால்களோடு வந்திருந்தார்கள்.

நடுவில் இருந்த கழுத்துப்பட்டிக்காரன் மூக்கைச் சுருக்கினான். "இந்தக் காலை எங்கேயிருந்து பிடித்து வந்தாய்?"

"வீட்டிலிருந்துதான், சிஞ்ஞோரே," என்றாள் சாம்பவி இத்தாலியனில். "வெட்டின நகத்தைத் திரும்ப வெட்டிக் காட்டுவதற்கு எதற்குச் சோதனை?"

மேசையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவன் கடுப்பாகி எலும்பு கேட்டான், தசை கேட்டான், கத்தியைக் கிருமிநீக்கம் செய்ய எத்தனை நிமிடம் என்று கேட்டான். சாம்பவி தலை நிமிராமல், தாயின் குதிகாலைத் தேய்த்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வயிற்றில் பிறந்த பிள்ளை இவ்வளவு படித்திருக்கிறது என்று அற்புதமலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சபையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று மணிக்குக் கதவில் ஒட்டிய பட்டியலில் சாம்பவியின் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இராஜநாயகம் நல்ல கதிரையில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் பாய்ந்து வந்தார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ. இண்டைக்கு இவவுக்கு யூனிவர்சிற்றியிலை சோதினை."

"அப்பிடியோ! அழகியலிலை என்ன கேட்டவை, பிள்ளை?"

சாம்பவி தகப்பனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"யூனிவர்சிற்றி இல்லை மாமா, தொழிற்பள்ளி. அம்மாவின்ரை காலைக் கழுவி, பித்தவெடிப்புத் தேய்ச்சு, நகம் வெட்டினனான். பாஸ். இனி நான் கடை போடலாம்."

அரை வடை தட்டுக்குத் திரும்பியது. "நாங்கள் வேறை மாதிரியெல்லோ கேள்விப்பட்டம், தில்லையம்பலம்," என்றார் இராஜநாயகம். "தொழிலை நான் குறை சொல்லேல்லை. ஆனால் எங்கடை குடும்பத்துக்கு உது சரிவராது." சொல்லிவிட்டு எழும்பியவர், "ஆ" என்று முனகிக்கொண்டு திரும்ப இருந்தார். முகம் வேர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கே இங்கே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை... எனக்குக் கால் பெருவிரல் நகம் சதைக்குள்ளை வளர்ந்துபோச்சு. கப்பலிலை நித்திரையும் இல்லை. நீர் உதுதானே படிச்சனீர். ஒருக்கால் வெட்டிவிடுமன்." கேட்டு முடிப்பதற்குள் சப்பாத்தும் காலுறையும் கழன்றுவிட்டன.

அற்புதமலருக்கு நெஞ்சு கொதித்தது. சம்பந்தத்துக்கு ஆகாத கை இவருடைய சீழுக்கு ஆகுமாம்! திட்டுவதற்கு மூச்சை இழுத்தாள். அதற்குள் சாம்பவி முன்னால் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"சீழ் வைச்சிட்டுது, மாமா. இது வருத்தம். வருத்தத்திலை நாங்கள் கை வைக்கக்கூடாது எண்டு சட்டம். பத்திரம் பறிபோயிடும். நீங்கள் டொக்டரிட்டைப் போங்கோ."

"ஆருக்குத் தெரியப்போகுது பிள்ளை, வீட்டுக்குள்ளைதானே?"

"எனக்குத் தெரியும்தானே."

இராஜநாயகம் தில்லையம்பலத்தைப் பார்த்தார். தில்லையம்பலம் சுவரைப் பார்த்தார். அற்புதமலர் குசினிக்குள் போய் அடுப்புத் துடைக்கிற துணியை எடுத்து வந்தாள். தரையில் கிடந்த காலுறையைக் கை படாமல் அந்தத் துணியால் பிடித்துத் தூக்கி, இராஜநாயகத்தின் மடியில் வைத்தாள்.