பாய்க்கு ஒரு குளியல் கல்

செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஜெயினுலாபுதீனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் லாரி மோதி வலது கால் முழங்காலுக்கு மேலேயே துண்டாகிப் போனதிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது மனைவியின் தம்பி பஷீருதீன். தங்கமான பிள்ளைதான். ஆனால் முதுகு தேய்க்கும்போது ஊர்வம்பு பூராவும் பேசித் தீர்ப்பான். "மச்சான், கண்ண மூடிக்கோங்க, சோப்பு வருது" என்று அவன் சொல்லும்போதெல்லாம் நாற்பது வயது மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

முக்காலி போட்டு ஒருநாள் தனியாகக் குளித்துப் பார்த்தார். முக்காலி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மனைவி சைனம்பு அன்றே உள்தாழ்ப்பாளைக் கழற்றி ஒளித்துவிட்டாள்.

"உள்ள வுழுந்து கெடந்தா யாரு வந்து தெறக்கிறது?"

மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் முனிசாமி, பழைய வாடிக்கை, வேட்டி எடுக்க வந்த இடத்தில் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? கல்லுல பீடம் போட்டுத் தரேன் பாய். ஆன ஒக்காந்தாக்கூட அசையாது."

முழங்கால் உயரத்தை நூலால் அளந்துகொண்டு போனவன், ஒரு மாதம் கழித்து மாட்டுவண்டியில் பீடத்தோடு வந்தான். பிடித்துக்கொள்ள இருபுறமும் குட்டைத் தூண்கள். மெருகு என்றால் அப்படியொரு மெருகு. பஷீருதீன் அதில் மீசையைச் சரிசெய்துகொண்டான்.

"கோயிலுக்குப் பண்ற மாதிரி தேச்சிக்கீறேன்" என்றான் முனிசாமி.

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்கு முன் முதல் குளியல். இரண்டு சொம்பு தண்ணீர், கொஞ்சம் சோப்பு. முனிசாமி சொன்னபடி கல் அசையவில்லை. பாய்தான் வழுக்கிக்கொண்டு போய் பஷீருதீன் மடியில் விழுந்தார்.

சைனம்பு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு முனிசாமியிடம் திரும்பினாள்.

"அண்ணாத்த, அம்மி கொத்துற மாதிரி இத சொரசொரன்னு கொத்திடு."

முனிசாமியின் முகம் கறுத்தது. சிலை செய்கிறவனை அம்மி கொத்தச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் அவனுக்குத் தெரியாது.

"நானு அம்மி கொத்துறவனா? ஒரு மாச மெருகும்மா இது!"

ஜெயினுலாபுதீன் ஈரத் துண்டோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

"முனிசாமி, கால் போனதுகூட பழகிடிச்சு. இன்னொருத்தன் கையால குளிக்கிறது பழகல."

முனிசாமி உளியை எடுத்துக்கொண்டு குந்தினான். தன் மெருகைத் தானே டொக் டொக்கென்று கொத்திக் கொத்தி, உச்சிவெயில் வருவதற்குள் கல்லைப் புது அம்மியாக்கிவிட்டான்.

"எங்கூர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாய்" என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறு வெள்ளிக்கிழமை பஷீருதீன் அண்டாவை நிரப்பிவிட்டு, வழக்கம்போல் சோப்போடு நின்றான். சைனம்பு அரிசிப் பானைக்குள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்து வந்து, கதவின் உள்பக்கம் தானே முடுக்கினாள். சோப்பைத் தம்பியிடமிருந்து பிடுங்கிக் கணவரிடம் கொடுத்தாள்.

ஜெயினுலாபுதீன் அக்குள் கட்டையை ஊன்றி உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சைனம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வெளியே நின்ற பஷீருதீனுக்குக் கையும் ஓடவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. கதவைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், கடைத்தெருவுல நேத்து இன்னா நடந்திச்சு தெரியுமா..."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"சத்தமா சொல்லுடா, கேக்கல!"