உசுரோடு வந்த சாமி

தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைத் தானே நின்று பார்க்கிற கொடுமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது. சோலைக்கு வந்தது. வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வழியாகக் குறுக்கே நடந்து, நாலு வருஷம் கழித்து வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். வாசலில் செங்கல் பீடம். அதன்மேல் அவன் கல்யாணப் படத்தில் அவன் பாதியை மட்டும் வெட்டிப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் இலையில் ஆட்டுக்கறி, ஒரு கட்டு பீடி, ஒரு குவார்ட்டர் பிராந்தி.

அற்பாயுசில் செத்தவனைச் சாமியாக இறக்கிக் கும்பிடுவது அவன் வகையறாவின் வழக்கம். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பாம்பு கடித்துச் செத்த சித்தப்பனை அவனும்தான் கும்பிட்டிருக்கிறான். ஆனால் முதலில் ஆள் சாக வேண்டுமா இல்லையா? மலேசியாவில் அவனோடு எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த எவனோ ஊருக்கு வந்து, சோலை ஆற்று வெள்ளத்தோடு போய்விட்டான் என்று அளந்துவிட்டிருக்கிறான். பிணம் எங்கே, யார் பார்த்தது என்று கேட்க ஒரு நாதியில்லை. கருமாதி முடித்து, அவன் பெண்டாட்டி செல்லக்கிளியின் தாலியை இறக்கி, பீடமும் கட்டி முடித்துவிட்டார்கள். நிஜத்தில் போய்ச் சேர்ந்த மறு மாசமே ஏஜென்ட் அவன் பாஸ்போர்ட்டோடு ஓடிப்போக, போலீஸ் அவனைப் பிடித்து முகாமில் அடைத்திருந்தது. ஒரு வரி எழுதிப் போட வழியில்லை.

அந்த முகாமில்தான் சோலை வேறு ஆளானான். கால் நீட்ட இடமில்லாத அறை. விபூதி கிடையாது, விளக்கு கிடையாது. விடிகிற நேரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, திருப்பரங்குன்றத்து முருகனைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி திட்டுவான். திட்டித் தீர்ந்த ஒரு நாளில் மனசு தானாக அடங்கியது. குடியை விட்டான், பீடியை விட்டான், கறியை விட்டான். அங்கே கிடைக்காது என்பது வேறு விஷயம். வெளியே வந்த பிறகும் தொடவில்லையே. அப்படிப்பட்டவனுக்குத்தான் குவார்ட்டர் படைக்கிறார்கள், எடுபட்ட பயல்கள்!

வகையறாவுக்குப் பெரியவர் முத்திருளன், அவனுக்குப் பெரியப்பா முறை. அவர்தான் வாசற்படியை மிதிக்க விடவில்லை.

"கருமாதி முடிஞ்ச ஆளுப்பா நீ. வெள்ளிக்கிழமையானா எம்புட்டு சனம் வருது தெரியுமா? பீடத்த எடுத்தா ஊருக்கு ஆகாது."

"அப்ப நான் யாரு பெரியப்பா?"

அவர் தாடையைச் சொறிந்தார். "அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்."

மாட்டுக்கொட்டத்தில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். சாமிக்கு மாட்டுக்கொட்டம், படத்துக்குப் பீடம்! அந்தப் பீடத்தை இடிக்க வேண்டும், செல்லக்கிளி கழுத்தில் திரும்பத் தாலி கட்ட வேண்டும், உயிருள்ள மனுஷனாக வீட்டுக்குள் போக வேண்டும். சோலைக்கு வேறு நினைப்பே இல்லை. அடுத்து வந்த மூன்று நாளும் வேளைக்குச் சோறு கொண்டுவந்து, வெறுங்கழுத்தோடு தூணோரம் உட்கார்ந்தாள் செல்லக்கிளி. அவளிடம் முகாமைச் சொன்னான், அடிபட்டதைச் சொன்னான், மனசு அடங்கின கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் 'ம்' கொட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சோலையின் தம்பி மொக்கைச்சாமிதான் சாமியாடி. மஞ்சள் வேட்டியை வரிந்து கட்டி, வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் குரலில் முழங்கினான்.

"கடல் தாண்டிப் போனேன்டா! ஒரு வாய் தண்ணிக்குத் தவிச்சுச் செத்தேன்டா!"

சோலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பட்ட கஷ்டத்தையாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா இந்தப் பயல்?

"வெள்ளத்துல போனவன் எப்படிடா தண்ணிக்குத் தவிப்பான்? அங்க நித்தம் மழைடா! நான் பட்டது எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

"யாருப்பா அது, சாமி பேசுறப்ப குறுக்க பேசுறது?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நான்தான்யா அந்தச் சாமி!"

மொக்கைச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "அண்ணே, அருள் வந்திருக்கு. கலைச்சிராதண்ணே."

நாலு பேர் சேர்ந்து சோலையைக் கொட்டத்துக்குள் தள்ளிவிட்டு வந்தார்கள். கூட்டம் விபூதி வாங்கிக் கலைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மனசாவது, அடங்குவதாவது! வாசல் காலியானதும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

செல்லக்கிளி பீடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இடிச்சிராதீக."

"ஏ புள்ள, நான் உசுரோட நிக்கிறேன். இது யாருக்கு இனிமே?"

"எனக்கு."

அவன் கடப்பாரையை இறக்கவில்லை. அவளும் நகரவில்லை.

"நித்தம் விளக்கு வச்சுட்டு இதுக்கு முன்னாடிதான் உக்காருவேன். களையெடுக்கப் போன எடத்துல மயங்கி விழுந்தத இதுகிட்டத்தான் சொன்னேன். உங்க தம்பி பொண்டாட்டி சாடை பேசுறத இதுகிட்டத்தான் சொல்லி அழுதேன். ஒரு நாள் 'வாய மூடு'ன்னு சொன்னதில்ல. நீங்க வந்து மூணு நாளாச்சு. முகாமு, அடி, மழை, மனசு அடங்குச்சு... அம்புட்டும் கேட்டேன். நீ எப்படி இருந்தன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? நீங்க பிளேன் ஏறிப் போன பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது, வயித்துல ஒண்ணு நின்னுச்சுன்னு. அது என்னாச்சுன்னு இந்தச் செங்கலுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

சோலை கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"சொல்லு புள்ள. நான் கேக்குறேன்."

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பொம்பளப் புள்ள. ஏழாம் மாசத்துலயே செத்துப் பொறந்துச்சு" என்று ஆரம்பித்தாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை; படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.